பயாஸைப் புதுப்பியுங்கள்: பிராசஸர் தேய்ந்த பிறகு மருந்து இல்லை

(மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்றைய தலைப்பைக் கேட்டதும், "கம்ப்யூட்டர் மெக்கானிக் பேச வேண்டிய விஷயத்தைச் செயலாளர் ஏன் பேசுகிறார்?" என்று சிலர் சிரித்தார்கள். காரணம் இருக்கிறது. நம் வீடுகளில் இன்று கம்ப்யூட்டர் என்பது பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள் மட்டும் இல்லை. நிக்காஹ் வீடியோ எடிட் செய்து பிழைக்கும் தம்பிகள் இருக்கிறார்கள். ஃப்ளெக்ஸ் போர்டும் அழைப்பிதழும் வடிவமைக்கிற சகோதரர்கள் இருக்கிறார்கள். வீட்டிலிருந்தபடியே கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கிற சகோதரிகள் இருக்கிறார்கள். இந்த வேலைகளுக்கு வேகமான மெஷின் வேண்டும். வளைகுடாவில் உழைக்கும் வாப்பா அனுப்பிய பணத்தையும், உம்மா சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தையும் போட்டு, ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் என்று கொடுத்து வாங்குகிறார்கள்.

அப்படி வாங்கிய மெஷின்களில் ஒரு குறிப்பிட்ட வகைக்கு, பிராசஸரே மெல்ல மெல்லத் தேய்ந்து போகிற ஒரு குறை இருந்தது. தயாரித்த நிறுவனமே அதை ஒப்புக்கொண்டு, திருத்தமும் இலவசமாகக் கொடுத்துவிட்டது. ஆனால் அந்தத் திருத்தம் தானாக வந்து சேராது. நாம்தான் போய் எடுத்துப் போட வேண்டும். போடாமல் விட்டால் பணம் போகும், தொழிலும் நிற்கும். அதனால்தான் இந்த அரை மணி நேரத்தை உங்களிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

ஸ்டெபிலைசர் காப்பாற்றாது

வோல்டேஜ் பிரச்சினை என்றதும் நம் மனதில் முதலில் வருவது ஈ.பி. லைன்தான். மாலையானால் லைட் மங்கும், ஃபேன் மெதுவாகச் சுற்றும். உடனே ஃபிரிட்ஜுக்கு ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டுவோம். நான் சொல்ல வந்தது அந்த வோல்டேஜ் இல்லை.

வீட்டுக்கு வருகிற 230 வோல்ட் மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற எஸ்.எம்.பி.எஸ். பெட்டி 12 வோல்ட்டாகக் குறைத்துத் தருகிறது. அந்த 12 வோல்ட்டை, மதர்போர்டில் பிராசஸருக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு மின்சுற்று இன்னும் குறைத்து, ஒரு வோல்ட், ஒன்றேகால் வோல்ட் என்ற அளவில் பிராசஸருக்குக் கொடுக்கிறது. எந்த நேரத்தில் எவ்வளவு வேண்டும் என்று கேட்பது பிராசஸர். கேட்டதைக் கொடுப்பது மதர்போர்டு. இந்தக் கேட்பும் கொடுப்பும் ஒரு நொடிக்குள் எத்தனையோ முறை நடக்கிறது.

எவ்வளவு கேட்க வேண்டும் என்ற கணக்கு பிராசஸருக்கு எங்கிருந்து தெரியும்? அதற்குள் ஓடும் ஒரு சின்ன மென்பொருள்தான் அந்தக் கணக்கைப் போடுகிறது. அதற்கு மைக்ரோகோட் என்று பெயர். அந்தக் கணக்கில் பிழை இருந்தால், பிராசஸர் தனக்குத் தேவையானதை விடக் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். வெளியே நீங்கள் எவ்வளவு விலை உயர்ந்த ஸ்டெபிலைசரும் யு.பி.எஸ்.ஸும் வைத்திருந்தாலும் உள்ளே நடப்பதை அவை தடுக்க முடியாது.

சரி, அந்த மைக்ரோகோடை எப்படித் திருத்துவது? இங்கேதான் பயாஸ் வருகிறது. மதர்போர்டில் ஒரு சின்னச் சிப்பில் எழுதி வைத்திருக்கும் அடிப்படை மென்பொருள்தான் பயாஸ். பவர் பட்டனை அழுத்தியதும், விண்டோஸ் வருவதற்கு முன்னால் ஓடுவது அதுதான். ஒவ்வொரு முறை கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போதும் புதிய மைக்ரோகோடைப் பிராசஸருக்குள் ஏற்றி விடுவதும் அதுதான். ஆஃப் செய்தால் பிராசஸர் அதை மறந்துவிடும். மறுபடி ஆன் செய்தால் பயாஸ் மறுபடி ஏற்றும். ஆகவே பிராசஸரின் கணக்கைத் திருத்த அதைக் கழற்ற வேண்டியதில்லை. பயாஸைப் புதுப்பித்தால் போதும்.

என்ன நடந்தது?

இன்டெல் நிறுவனம் 2022 அக்டோபரில் தனது 13ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சரியாக ஓராண்டு கழித்து, 2023 அக்டோபரில் 14ஆம் தலைமுறை வந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே வடிவமைப்புதான். வேகத்துக்குப் பெயர் பெற்றவை. ஐ9-14900கே என்ற பிராசஸர் 6 கிகாஹெர்ட்ஸ் வேகத்தைத் தொடும் என்று விளம்பரம் செய்தார்கள்.

2023 முடிந்து 2024 தொடங்கும்போது உலகம் முழுவதும் புகார்கள் கிளம்பின. விளையாட்டுகள் பாதியில் மூடிக்கொள்கின்றன, விண்டோஸ் நீலத்திரை காட்டி நின்றுவிடுகிறது என்றார்கள். முதலில் பழி மதர்போர்டு நிறுவனங்கள் மேல் விழுந்தது. அதில் ஓரளவு உண்மையும் இருந்தது. ஐ9-14900கே பிராசஸருக்கு இன்டெல் வகுத்த உச்ச வரம்பு 253 வாட். பல மதர்போர்டுகளோ, "எங்கள் போர்டில்தான் வேகம் அதிகம்" என்று காட்டுவதற்காக, அந்த வரம்பையே எடுத்துவிட்டு 4095 வாட் என்று பயாஸில் எழுதி அனுப்பியிருந்தன. அதாவது, வரம்பே இல்லை என்று அர்த்தம்.

ஆனால் வரம்புக்குள் வைத்து ஓட்டியவர்களுக்கும் பழுது வந்தது. 2024 ஜூலையில் அல்டெரோன் கேம்ஸ் என்ற விளையாட்டு நிறுவனம், தங்கள் சர்வர்களில் இந்தப் பிராசஸர்கள் தொடர்ந்து பழுதாவதால் எல்லாவற்றையும் ஏ.எம்.டி.க்கு மாற்றுகிறோம் என்று வெளிப்படையாகவே அறிவித்தது. அதே மாதம் 22ஆம் தேதி இன்டெல் உண்மையைச் சொன்னது. மைக்ரோகோடில் உள்ள ஒரு கணக்கு தவறான வோல்டேஜைக் கேட்கிறது, பழுதுக்கு அந்த உயர் வோல்டேஜ் காரணம் என்றது.

செப்டம்பர் 25ஆம் தேதி முழு விளக்கமும் வந்தது. பிராசஸரின் ஒவ்வொரு கோருக்குள்ளும் தாளம் போடுகிற ஒரு சுற்று உண்டு. கடிகாரத் துடிப்பைக் கொண்டு செல்கிற அந்தச் சுற்று, உயர்ந்த வோல்டேஜும் சூடும் சேர்ந்தால் வயதுக்கு முன்பே மூப்படைகிறது. மூப்படைந்தால் என்ன ஆகும்? புதிதாக இருந்தபோது குறைந்த வோல்டேஜில் செய்த வேலைக்கு இப்போது கூடுதல் வோல்டேஜ் தேவைப்படும். பழைய அளவு போதாமல் தடுமாறும். தடுமாற்றம்தான் நமக்குக் கிராஷ் என்று தெரிகிறது.

இந்த உயர் வோல்டேஜுக்கு நான்கு காரணங்களை இன்டெல் வரிசைப்படுத்தியது. ஒன்று, மதர்போர்டுகள் வரம்பை மீறிய அமைப்புகளோடு வந்தது. இரண்டு, ஐ9 பிராசஸர்கள் சூடான பிறகும் உச்ச வேகத்தைக் குறைக்காமல் ஓடியது. இதைத் திருத்த 2024 ஜூனில் 0எக்ஸ்125 என்ற மைக்ரோகோட் வந்தது. மூன்று, தேவைக்கு மேல் வோல்டேஜைக் கேட்ட கணக்கு. இதற்கு 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129 வந்தது. 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்க முடியாதபடி அது வரம்பு போட்டது. நான்கு, கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போதும் இலேசான வேலை செய்யும்போதும் உயர் வோல்டேஜைக் கேட்டது. இதற்கு 0எக்ஸ்12பி வந்தது. முந்தைய இரண்டு திருத்தங்களும் அதற்குள் அடக்கம். பிறகு 2025 மே மாதத்தில், பல நாட்கள் நிறுத்தாமல் இலேசான வேலையிலேயே ஓடும் மெஷின்களுக்காக 0எக்ஸ்12எஃப் என்று இன்னொன்றும் வந்தது.

நான்காவது காரணத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். "நான் கேம் விளையாடுவதில்லை, கணக்கு எழுதுகிறேன், பாட்டு கேட்கிறேன், எனக்கு என்ன?" என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இலேசான வேலையின்போது ஒன்றிரண்டு கோர் மட்டும் விழித்துக்கொண்டு உச்ச வேகத்துக்குப் பாயும். உச்ச வேகத்துக்கு உச்ச வோல்டேஜ் வேண்டும். ஆகவே கடுமையாக வேலை வாங்காத மெஷினும் தேய்ந்தது.

இன்டெல் மட்டும்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். 2023 ஏப்ரலில் ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 7000 எக்ஸ்3டி வகைப் பிராசஸர்கள் சில, மதர்போர்டில் மாட்டிய இடத்திலேயே உப்பிக் கருகிப் போயின. மெமரியின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்போ அமைப்பை ஆன் செய்ததும், சில மதர்போர்டுகள் எஸ்.ஓ.சி. வோல்டேஜ் என்ற ஒன்றையும் சேர்த்து உயர்த்திவிட்டன. அதை 1.3 வோல்ட்டுக்கு மேல் போக விடாதபடி ஏ.எம்.டி. வரம்பு போட்டது. அந்த வரம்பும் புதிய பயாஸ் வழியாகத்தான் வீடுகளுக்கு வந்தது. அந்தக் காலத்தில் ஏ.எம்5 மதர்போர்டு வாங்கி, இன்றுவரை பயாஸைத் தொடாதவர்கள் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நோய் ஓரிடம், வலி வேறிடம்

இந்தப் பழுதில் மக்களுக்கு அதிக நஷ்டம் எங்கே வருகிறது என்றால், அது தன் முகத்தைக் காட்டாது. பிராசஸர் கெட்டுவிட்டது என்று எந்தச் செய்தியும் திரையில் வராது.

விளையாட்டைத் திறந்தால் கிராஃபிக்ஸ் கார்டில் மெமரி போதவில்லை என்று செய்தி வரும். உண்மையில் கார்டில் தாராளமாக இடம் இருக்கும். கிராஃபிக்ஸ் டிரைவரை நிறுவினால் பாதியில் நின்றுவிடும். ஜிப் கோப்பைப் பிரித்தால் கோப்பு சேதம் என்று சொல்லும். அதே கோப்பை இன்னொரு கம்ப்யூட்டரில் பிரித்தால் நன்றாகப் பிரியும். வீடியோ ரெண்டர் போட்டுவிட்டு இஷா தொழுதுவிட்டு வந்து பார்த்தால், மென்பொருள் மூடிக்கிடக்கும்.

இப்போது ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். வலீமா வீடியோவை வெள்ளிக்கிழமை தருகிறேன் என்று பிள்ளை வாக்குக் கொடுத்திருக்கிறான். மெஷின் மறுபடி மறுபடி மூடிக்கொள்கிறது. கடைக்குக் கொண்டுபோனால் முதலில் விண்டோஸை மாற்றிப் போடுவார்கள். சரியாகாது. பிறகு ரேம் மாற்றுவார்கள். பிறகு எஸ்.எம்.பி.எஸ். கடைசியில் முப்பதாயிரம், நாற்பதாயிரம் கொடுத்துக் கிராஃபிக்ஸ் கார்டையே மாற்றச் சொல்வார்கள். கடைக்காரர் மேல் தவறு இல்லை. திரையில் வருகிற செய்தி அப்படித்தான் சொல்கிறது. ஆனால் பழைய பாகங்கள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. செலவு செய்த பணம் வீண். உம்மா, "இவன் ராத்திரியெல்லாம் விளையாடித்தான் மெஷினைக் கெடுத்தான்" என்று பிள்ளையைத் திட்டியதும் வீண். அவன் விளையாடாமல் இருந்திருந்தாலும் அது கெட்டிருக்கும்.

ஆகவே 13 அல்லது 14ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப்பில் இப்படிப்பட்ட தொல்லை வந்தால், எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன் பிராசஸரைச் சந்தேகப்படுங்கள். கடைக்காரரிடமும் அதைச் சொல்லுங்கள்.

புதுப்பித்தல் எதைச் செய்யும், எதைச் செய்யாது

இன்றைக்கு நான் சொல்வதில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால், இதை வையுங்கள். புதிய பயாஸ் இனிமேல் வரும் தேய்மானத்தைத் தடுக்கும். ஏற்கெனவே தேய்ந்ததைத் திருப்பித் தராது. இதை இன்டெலே தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

போலியோ சொட்டு மருந்தை நாம் பிள்ளைக்கு எப்போது கொடுக்கிறோம்? கால் சூம்பிய பிறகா கொடுக்கிறோம்? நன்றாக ஓடி விளையாடும்போதுதான் கொடுக்கிறோம். அதேபோல, "என் மெஷின் நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்குத் தொட வேண்டும்?" என்பவர்தான் முதலில் செய்ய வேண்டியவர். அவருக்குத்தான் இதனால் முழுப் பயன். ஏற்கெனவே கிராஷ் ஆகிக்கொண்டிருக்கும் மெஷினுக்குப் பயாஸ் மட்டும் போதாது. பிராசஸரையே மாற்றித்தான் ஆக வேண்டும். அதற்கான வழியைப் பின்னால் சொல்கிறேன்.

புதுப்பித்தால் வேகம் குறைந்துவிடுமோ என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். குறிப்பிடத்தக்க குறைவு இல்லை என்பது இன்டெலின் பதில். வரம்பில்லாமல் ஓடிய போர்டு வரம்புக்குள் வரும்போது, கனமான வேலைகளில் கொஞ்சம் வித்தியாசம் தெரியலாம். இரண்டு நிமிடம் தாமதமாக முடிகிற ரெண்டர், பாதியில் நின்றுபோகிற ரெண்டரை விட மேல் இல்லையா?

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

எல்லோரும் இன்றிரவே ஓடிப்போய் பயாஸில் கை வைக்க வேண்டாம். முதலில் உங்கள் மெஷின் இந்த வகைதானா என்று பாருங்கள்.

விண்டோஸின் தேடல் பெட்டியில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால் மூன்று விவரங்கள் கிடைக்கும். பிராசஸரின் பெயர், மதர்போர்டின் பெயர், பயாஸின் பதிப்பும் தேதியும். மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது மொபைலில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிராசஸரின் பெயரில் ஐ9 என்று இருந்து 13900 அல்லது 14900 என்ற எண் இருந்தால், ஐ7 என்று இருந்து 13700 அல்லது 14700 என்று இருந்தால், ஐ5 என்று இருந்து 13600கே அல்லது 14600கே என்று இருந்தால், அது இந்தப் பட்டியலில் உள்ளது. எண்ணுக்குப் பின்னால் எஃப், கேஎஃப், கேஎஸ் என்ற எழுத்துகள் வந்தாலும் அதே கதைதான். இவர்களின் பயாஸ் தேதி 2024 ஆகஸ்டுக்கு முந்தியதாக இருந்தால், திருத்தம் இன்னும் வந்து சேரவில்லை என்று அர்த்தம். அதற்குப் பிந்தியதாக இருந்தாலும், மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் 0எக்ஸ்12எஃப் அடங்கிய பதிப்பு இருக்கிறதா என்று பார்த்து அதைப் போடுவதே நல்லது.

12ஆம் தலைமுறையும் அதற்கு முந்தியவையும் இந்தக் குறைக்கு ஆளாகவில்லை. அதற்குப் பின் வந்த கோர் அல்ட்ரா வகைக்கும் இல்லை. லேப்டாப்பில் உள்ள 13, 14ஆம் தலைமுறைப் பிராசஸர்களும் இதில் சேராது என்று இன்டெல் கூறியிருக்கிறது. பள்ளிப் பாடத்துக்காக வாங்கிய ஐ3 மெஷின் வைத்திருப்பவர்களும் நிம்மதியாக இருக்கலாம். காரணம் இல்லாமல் பயாஸைத் தொட வேண்டாம் என்ற பழைய அறிவுரை அவர்களுக்கு இன்றும் பொருந்தும்.

செய்யும் முறை

பயாஸ் புதுப்பிக்கும்போது பயப்பட வேண்டிய விஷயம் ஒன்றுதான். பாதியில் கரண்ட் போகக் கூடாது. போனால் பயாஸ் அரைகுறையாக எழுதப்பட்டு, மதர்போர்டே உயிர் பெறாமல் போகலாம். ஆகவே நல்ல பேட்டரி உள்ள யு.பி.எஸ். இல்லாமல் தொடங்காதீர்கள். மின்வாரியம் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்திருக்கும் நாளிலும், இடி மழை நேரத்திலும் வேண்டவே வேண்டாம். உங்களிடம் யு.பி.எஸ். இல்லையென்றால், இருக்கிற வீட்டுக்கு மெஷினைக் கொண்டுபோய்ச் செய்யுங்கள்.

முதலில், முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். பிராசஸர் தடுமாறும் மெஷினில் நகல் எடுத்த கோப்பும் சேதமாகியிருக்கலாம். அதனால் எடுத்ததைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, விண்டோஸில் பிட்லாக்கர் என்ற பூட்டு ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதன் 48 இலக்க மீட்பு எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். பயாஸ் மாறியதும் விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்கக் கூடும். எண் இல்லையென்றால் உங்கள் கோப்புகளை உங்களாலேயே திறக்க முடியாது.

மூன்றாவது, ஆசுஸ், எம்.எஸ்.ஐ., கிகாபைட், ஏஸ்ராக் என்று உங்கள் மதர்போர்டு எந்த நிறுவனமோ, அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் பயாஸ் கோப்பை இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதைப் போடாதீர்கள். மாடலின் பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். கிகாபைட் போர்டுகளில் மாடலோடு ரெவ் என்று ஒரு எண்ணும் போர்டின் மேல் அச்சிட்டிருப்பார்கள். அதுவும் பொருந்த வேண்டும். பயாஸுக்கு முன் வேறு ஏதாவது நிறுவச் சொல்லியிருக்கிறார்களா என்று அந்தப் பக்கத்திலேயே படித்துப் பாருங்கள். விண்டோஸ் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று இந்த விஷயத்தில் நம்பியிருக்க வேண்டாம். பயாஸ் வழியாகத்தான் இந்தத் திருத்தம் பலன் தரும்.

நான்காவது, ஒரு பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்து, இறக்கிய கோப்பைப் பிரித்து அதில் போடுங்கள். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, டெலீட் விசையை அழுத்திப் பயாஸுக்குள் போங்கள். ஆசுஸில் ஈஸி ஃப்ளாஷ், எம்.எஸ்.ஐ.யில் எம் ஃப்ளாஷ், கிகாபைட்டில் க்யூ ஃப்ளாஷ், ஏஸ்ராக்கில் இன்ஸ்டன்ட் ஃப்ளாஷ் என்று புதுப்பிக்கும் வசதி அதற்குள்ளேயே இருக்கும். கோப்பைத் தேர்ந்தெடுத்து அனுமதி கொடுத்தால் சில நிமிடங்களில் வேலை முடியும்.

ஐந்தாவது, பொறுமை. முடிந்ததும் மெஷின் தானாக ஒன்றிரண்டு முறை அணைந்து எரியும். திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம். மெமரியைப் புதிதாகச் சோதித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அவசரப்பட்டுப் பவர் பட்டனை அழுத்தி விடாதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்த நேரம் அறைக் கதவைச் சாத்திக்கொள்வது நல்லது.

ஆறாவது, மறுபடி பயாஸுக்குள் போய், இன்டெல் டீஃபால்ட் செட்டிங்ஸ் என்ற அமைப்பு தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய வரம்பில்லா அமைப்பை மறுபடி போட்டால் செய்த வேலையில் பாதி வீணாகும். மெமரிக்கு வைத்திருந்த எக்ஸ்.எம்.பி. அமைப்பு அழிந்திருக்கும். வேண்டுமானால் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் கேட்டதும் தலை சுற்றுகிறது என்பவர்கள், தெரிந்த சர்வீஸ்காரரிடம் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். செய்து முடித்ததும் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து, பயாஸ் தேதி மாறியிருக்கிறதா என்று அவர் முன்னாலேயே பார்த்து வாங்குங்கள். இதில் யாரையும் சந்தேகிப்பதாக இல்லை. கொடுத்த வேலையைச் சரிபார்த்து வாங்குவது நம் பொறுப்பு.

ஏற்கெனவே பழுதாகியிருந்தால்

பயாஸைப் புதுப்பித்து, இன்டெல் டீஃபால்ட் அமைப்பும் வைத்த பிறகும் மெஷின் மூடிக்கொண்டே இருந்தால், பிராசஸர் தேய்ந்துவிட்டது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். உடனே புதிது வாங்க ஓட வேண்டாம். பெட்டியோடு விற்ற இந்தப் பிராசஸர்களுக்கு முதலில் 3 ஆண்டு வாரண்டி இருந்தது. இந்தக் குறை வெளியானதும், 2024 ஆகஸ்டில், இன்டெல் மேலும் 2 ஆண்டைக் கூட்டியது. ஆக வாங்கிய தேதியிலிருந்து மொத்தம் 5 ஆண்டு. 2022 டிசம்பரில் வாங்கியவருக்கு 2027 டிசம்பர் வரை இருக்கிறது. 2024இல் வாங்கியவருக்கு 2029 வரை இருக்கிறது. "மூன்று வருடம் முடிந்துவிட்டது, இனி ஒன்றும் கிடைக்காது" என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

பெட்டியோடு வாங்கியவர்கள் இன்டெலின் வாடிக்கையாளர் சேவையில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். முழு மெஷினாக வாங்கியவர்களும், பெட்டி இல்லாமல் பிராசஸரை மட்டும் வாங்கியவர்களும், விற்ற நிறுவனத்தையோ கடையையோ அணுக வேண்டும். எப்படியானாலும் பில் வேண்டும். ஐந்து ஆண்டுக்குப் பில் மை அழிந்துவிடும். அதனால் இன்றே மொபைலில் படம் பிடித்து, உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். பிராசஸரின் பெட்டியையும் அதில் உள்ள தொடர் எண்ணையும் தூக்கி எறியாதீர்கள். வீடு சுத்தம் செய்யும்போது தாய்மார்கள் முதலில் வெளியே போடுவது இந்த அட்டைப் பெட்டிகளைத்தான். அந்த ஒன்றை மட்டும் பீரோ மேல் பத்திரமாக வைத்துவிடுங்கள்.

வாங்குவோரும் விற்போரும்

இப்போது சந்தையில் இந்த வகைப் பழைய மெஷின்கள் மலிவாக வருகின்றன. நல்லதும் இருக்கும், தேய்ந்ததும் இருக்கும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வாங்குகிறவர்கள் மூன்று கேள்வி கேளுங்கள். பயாஸை எப்போது புதுப்பித்தீர்கள்? அசல் பில் இருக்கிறதா? ஏற்கெனவே ஒருமுறை பிராசஸர் மாற்றி வாங்கினீர்களா? பெரிய ஜிப் கோப்பு ஒன்றை அங்கேயே நாலைந்து முறை பிரித்துப் பாருங்கள். பில் இல்லாத மெஷினுக்கு வாரண்டியும் இல்லை என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள்.

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மெஷின் கிராஷ் ஆவது தெரிந்தும், "சும்மா மாடல் மாற்றுகிறேன்" என்று சொல்லி விற்பது நமக்கு ஆகாது. பொருளின் ஐபை மறைத்து விற்கக் கூடாது என்பதை மக்தபில் படிக்கும் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். துணியில் உள்ள கிழிசலுக்கு என்ன சட்டமோ, பிராசஸரில் உள்ள தேய்மானத்துக்கும் அதே சட்டம்தான். குறையைச் சொல்லி விலையைக் குறைத்துக் கொடுங்கள், அல்லது வாரண்டியில் மாற்றி வாங்கிவிட்டு விற்றுக்கொள்ளுங்கள்.

சகோதரர்களே! இன்று வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டியவை இவைதான். மெஷினைத் திறந்து பிராசஸர் பெயரையும் பயாஸ் தேதியையும் குறியுங்கள். பட்டியலில் இருந்தால், யு.பி.எஸ். ஏற்பாடு செய்துகொண்டு இந்த வாரத்துக்குள் புதுப்பியுங்கள். பில்லைத் தேடி எடுத்துப் படம் பிடியுங்கள். தெரிந்த பிள்ளைகள், தெரியாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள். அவர் எந்த மார்க்கத்தவராக இருந்தாலும் சரி, பழுதானால் அவருக்கும் நஷ்டம்தான். குறித்த தாளைக் கொண்டு வருகிறவர்களுக்கு, அடுத்த கூட்டம் முடிந்ததும் நம் இளைஞர்கள் உட்கார்ந்து சரிபார்த்துச் சொல்வார்கள், இன்ஷா அல்லாஹ்.